மூக்கோரக் கோடு

டாக்டர் கையெழுத்துப் போட்டால் மட்டும் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் வீட்டுக்குப் போய்விட முடியாது. டீச்சர் சிஸ்டர் பச்சை அட்டை கொடுக்க வேண்டும்.

மூன்றாம் மாடி வார்டின் கோடியில், கை உடைந்த சக்கர நாற்காலிகள் அடைந்து கிடக்கிற ஓர் அறையில் தினமும் பதினோரு மணிக்கு வகுப்பு நடக்கும். கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கும். அதற்கு ஒரு கால் கிடையாது. மூக்கில் குழாய் உண்டு. நோயாளியை வீட்டில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ அவர் அந்தப் பொம்மைக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுத்துக் காட்ட வேண்டும். ஒரு தப்பும் இல்லாமல் மூன்று தடவை. "தெரியும்னு சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க" என்பார் சிஸ்டர். ஆள் குள்ளம். குரல் மட்டும் மாடிப்படி இறங்கி வாசல் வரைக்கும் போகும்.

அந்தப் பொம்மையிடம் தோற்றவர்கள் பலர். வங்கி அதிகாரி ஒருவர் நோட்டுப் புத்தகம் முழுக்கக் குறிப்பெழுதிவிட்டு, சிரிஞ்சைக் கையில் கொடுத்ததும் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். ஒரு பெயின்டர் தன் மனைவிக்காக நாலு நாள் வந்தார். நாலு நாளும் பொம்மையின் சட்டைதான் வயிறு நிறையச் சாப்பிட்டது.

டெய்லரம்மா ஒரே காலையில் மூன்று தடவையும் முடித்துவிட்டாள்.

முப்பது வருஷம் ஊசியும் நூலுமாக இருந்த கை. கொக்கி வைக்கிறபோதும் காஜா எடுக்கிறபோதும் நடுங்காத கை சிரிஞ்சுக்கா நடுங்கும்? சிஸ்டர் அவளை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி இன்னொரு தடவை செய்யச் சொன்னார். கை இருந்தா இப்படி இருக்கணும் என்று மற்றவர்களிடம் காட்டினார். டெய்லரம்மா என்று முதலில் கூப்பிட்டதும் அவர்தான். இரண்டு நாளில் வார்டு பெருக்குகிறவர்கள் வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது. அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. கணவர் வாய் கோணிப் படுத்திருக்கிற நேரத்தில் இதெல்லாம் ஒரு பெருமையா என்று கூச்சமாகவும் இருந்தது.

அவள் கணவர் எட்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் லிப்ட் ஓட்டினவர். முப்பது வருஷமா மேலயும் கீழயும் போயிட்டிருக்கேன், இன்னும் எங்கயும் போய்ச் சேரலை என்று யாரைப் பார்த்தாலும் சொல்வார். சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். ஒரு நாள் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு, விழுங்குவது எல்லாம் ஒரே சேரப் போய்விட்டன. மிஞ்சியது இடது கையும், யார் என்ன பேசினாலும் புரிந்துகொள்கிற இரண்டு கண்ணும்.

பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். தொண்டைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆறு வாரம் கழித்து அழைத்து வந்தால் விழுங்க முடிகிறதா என்று சோதித்துப் பார்ப்போம். முடிந்தால் குழாயை எடுத்துவிடலாம், வாயால் சாப்பிடலாம், பேச்சுக்கும் பயிற்சி தொடங்கலாம். ஆனால் அதுவரைக்கும் நுரையீரல் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு தடவை நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தால் இந்த உடம்பு தாங்காது. இதற்கு மேலும் நிறையச் சொன்னார். அவள் மனசில் நின்றது ஒரே கணக்கு. நாற்பத்திரண்டு நாள்.

கிளம்புகிற அன்று சிஸ்டர் குழாயைப் பற்றிக் கடைசியாக ஒரு முறை சொன்னார். குழாயின் நுனி வயிற்றுக்குள் இருக்க வேண்டும், அதுதான் எல்லாம். உள்ளே இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் மூக்கோரத்தில் குழாய் மேல் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு.

"கோடு மூக்கு ஓரத்துல இருந்தா குடுங்க. இல்லேன்னா ஒரு சொட்டு கூடக் குடுக்காம எனக்கு போன் பண்ணுங்க. சிரிஞ்ச இழுத்துப் பாத்தா வயித்துத் தண்ணி வரும். சில நேரம் வராது, அதுக்காக பயந்துடாதீங்க. கோடுதான் முக்கியம்."

கோடுதான் முக்கியம் என்று அவள் திருப்பிச் சொன்னாள். பச்சை அட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

வீடு இரண்டு அறை. உள் அறை மகனுக்கும் மருமகளுக்கும். முன் அறையில் தையல் மெஷினும் வெட்டுகிற மேசையும். மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு ஜன்னலோரமாகக் கட்டில் போட்டார்கள். மகன் பார்சல் ஆபீசில் வேலை பார்த்தான். காலையில் போனால் இருட்டித்தான் வருவான். மருமகளுக்கு மளிகைக் கடையில் பில் போடுகிற வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் ஆறு டம்ளர், ஒரு கண்ணாடி ஜாடி, மாமனாரின் ரேடியோ இத்தனையும் அவள் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்திருந்தன. மாமனார்தான் அவளுக்கு 'நழுவல்' என்று பெயர் வைத்தார். ரேடியோ உடைந்த அன்று, விடும்மா, அதுல ஒருத்தனும் நல்ல சேதி சொன்னதில்ல என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தவரும் அவர்தான். நழுவல் என்று யார் கூப்பிட்டாலும் அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

ஆகவே சிரிஞ்சை அவளிடம் கொடுக்கிற பேச்சே எழவில்லை. நானும் கத்துக்கறேன் அத்தை என்று மருமகள் இரண்டு மூன்று தடவை கேட்டாள். நீ பக்கத்துல நின்னு பாரு, போதும் என்று டெய்லரம்மா தள்ளிப் போட்டாள். பார்த்தே அவள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள் என்பது வேறு விஷயம்.

காலை ஆறு மணிக்கு முதல் வேளை. பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். கை கழுவி, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கோட்டைப் பார்த்து, சிரிஞ்சை இழுத்துப் பார்த்து, முதலில் கொஞ்சம் தண்ணீர், பிறகு வடிகட்டிய கஞ்சி, பிறகு மறுபடி தண்ணீர். முடிந்ததும் அரை மணி நேரம் சாய்த்தபடியே உட்கார வைப்பாள். அந்த அரை மணியில் மெஷினில் உட்கார்ந்து தைப்பாள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். முதுகில் ஒரு புண் இல்லை. படுக்கையில் ஒரு நாற்றம் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிகூட இப்படி இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரே தொல்லை, தாடி. குழாயைக் கன்னத்தோடு ஒட்டி வைக்கிற பிளாஸ்திரி, மயிர் வளர்ந்தால் பிடிக்காது. அதனால் ஒன்று விட்டு ஒரு நாள் பிளாஸ்திரியைப் பிரித்து, சோப்பு நுரை போட்டுச் சவரம் செய்து, துடைத்து, புதுசாக ஒட்டுவாள். ஐந்தாறு நாளில் சிஸ்டர் போட்ட கறுப்புக் கோடு சோப்பிலும் தண்ணீரிலும் மங்கிவிட்டது. கோடுதான் முக்கியம் என்று சொல்லியிருக்கிறாரே. அவள் மேசை டிராயரைத் திறந்து, துணியில் அடையாளம் போடுகிற நீலப் பேனாவை எடுத்து, மூக்கு விளிம்பில் சரியாக ஒரு கோடு போட்டாள். அது தண்ணீர் பட்டால் போய்விடுகிற மை. போக வேண்டும் என்றுதான் தையல்காரர்கள் அதை வாங்குவார்கள். ஆகவே ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் அழியும், ஒவ்வொரு தடவையும் அவள் மூக்கோரத்தில் புதுசாகப் போடுவாள். நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

வாரம் ஒரு நாள் சிஸ்டர் போனில் கூப்பிடுவார். கோடு சரியா இருக்கா என்பார். சரியா இருக்கு சிஸ்டர் என்பாள். அந்தப் பக்கம் குரலில் ஒரு நிம்மதி தெரியும்.

பதினைந்து நாளுக்குப் பிறகு சிரிஞ்சில் ஒன்றும் வருவதில்லை. வராவிட்டால் பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் அவள் பயப்படவில்லை. முதலில் குழாயை இழுத்துப் பிடித்துத்தான் சட்டைக் காலரில் ஊக்கு மாட்ட வேண்டியிருந்தது. இப்போது அது தோள் வரைக்கும் தாராளமாக வந்தது. உடம்புக்குக் குழாய் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். இருபதாம் நாள் வாக்கில் சாப்பாட்டுக்குப் பிறகு லேசாக ஓர் இருமல். ஜன்னல் காற்று என்று ஜன்னலைச் சாத்தினாள்.

காலண்டரில் நாற்பத்திரண்டாம் நாளைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தாள். அவர் இடது கை விரலால் அதைக் காட்டுவார். இன்னும் எத்தனை நாள் என்று அர்த்தம். இருபது. பதினெட்டு. பதினஞ்சு. அவள் சொல்லச் சொல்ல அவர் கண்ணில் ஏதோ ஏறும். முதல்ல என்னங்க சாப்பிடணும் என்று கேட்டால் டம்ளரைக் காட்டுவார். வெறும் தண்ணீர் போதுமாம்.

இருபத்தொன்பதாம் நாள் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அளவு சரிபார்க்கத் தைத்தவளே வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மருமகள் அரை நாள் லீவு போட்டாள். டெய்லரம்மா பத்து தடவை சொன்னதையே சொல்லிவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து பதினோராவது தடவையும் சொல்லிவிட்டுப் போனாள். பன்னிரண்டு மணி வேளையை மருமகள் கொடுத்தாள். அந்த ஒரு வேளைதான்.

ஒன்றரை மணிக்கு அவள் திரும்பியபோது அவர் இருமிக்கொண்டிருந்தார். வழக்கமான இருமல் இல்லை. கண்ணில் நீர் கோத்து, முகம் கருத்து, மூச்சுக்கு நடுவில் ஏதோ கரகரவென்றது. மருமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன் அத்தை என்றாள். சாயங்காலம் காய்ச்சல் கண்டது. மறுநாள் காலையில் நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. மகன் ஆம்புலன்சைக் கூப்பிட்டான்.

ஆம்புலன்சுக்குள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டெய்லரம்மா மருமகள் பக்கம் திரும்பவே இல்லை. கணவரின் காலைப் பிடித்தபடி சொன்னாள்.

"ஒரே ஒரு வேளை. உன்கிட்ட ஒரே ஒரு வேளைதானே விட்டுட்டுப் போனேன்."

"கோடு பாத்தேன் அத்தை. கோடு சரியாத்தான் இருந்துச்சு."

"பேசாத."

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர் மூன்று பேரையும் நிற்க வைத்தே சொன்னார். குழாயின் நுனி வயிற்றில் இல்லை, நெஞ்சுக்கு நடுவில் நிற்கிறது. கொடுத்த கஞ்சி மேலே ஏறி நுரையீரலுக்குள் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிகிறது. மருந்து போடுவோம், ஆனால் நம்பிக்கை கொடுக்க மாட்டேன் என்றார். எப்போது நடந்திருக்கும் என்று மகன் கேட்டான். சொல்ல முடியாது என்ற டாக்டர், கேஸ் பேப்பரில் எழுதுவதற்காக, கடைசியாக யார் கொடுத்தது என்று கேட்டார். வெறும் சம்பிரதாயக் கேள்விதான். ஆனால் இரண்டு தலைகள் மருமகளின் பக்கம் திரும்பின. அவள் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி.

காரிடாரில் மகன் அவளிடம் என்ன சொன்னான் என்பது டெய்லரம்மாவுக்குப் பாதிதான் கேட்டது. டம்ளர் என்றும் ரேடியோ என்றும் காதில் விழுந்தது. ஒன்றரை வருஷம் வீடே சிரித்த விஷயங்கள். இப்போது ஒவ்வொன்றையும் சாட்சி மாதிரி கூப்பிட்டு நிறுத்திக்கொண்டிருந்தான். டெய்லரம்மா குறுக்கே போகவில்லை. போகத் தோன்றவும் இல்லை.

அன்று மத்தியானம் விஷயம் கேள்விப்பட்டு டீச்சர் சிஸ்டர் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருந்தார்கள். பழையது ஒரு தட்டில் சுருண்டு கிடந்தது. சிஸ்டர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அளக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். டெய்லரம்மாவின் பைக்குள் எப்போதும் அளவு நாடா இருக்கும். அவளே ஒரு முனையைப் பிடித்துக் கோட்டிலிருந்து நுனி வரை அளந்தாள்.

"பதினாறு இஞ்சு."

"நான் வெச்சது இருபத்து மூணு" என்றார் சிஸ்டர். அவர் குரல் இவ்வளவு மெதுவாகக்கூட வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. "நான் போட்டது கறுப்புல்ல? இந்த நீலக் கோட்ட யாரு போட்டது?"

"நான்தான் சிஸ்டர். ஒரு நாள்கூட அழிய விடலையே."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாராவது என்றால் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். மேசையில் விரித்த துணி நழுவிவிட்ட பிறகு, மேசை விளிம்பைப் பார்த்து அடையாளம் போட்டால் சட்டை என்ன ஆகும் என்பது தொழிலுக்கு வந்த முதல் மாதமே அவளுக்குத் தெரியும். பிளாஸ்திரியைப் பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் குழாய் அரை அங்குலம் வெளியே வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவள் அது வந்து நின்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறாள். குழாய் நகர நகரக் கோடும் கூடவே நகர்ந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் சரியாகவே தெரிந்திருக்கிறது. சிரிஞ்சில் தண்ணீர் வராதது, தோள் வரை தாராளமாக வந்த குழாய், ஜன்னலைச் சாத்திய இருமல், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. அளவு நாடா கையிலிருந்து கீழே விழுந்தது.

சிஸ்டர் அவளை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். நாலு வருஷமாக வகுப்பு எடுக்கிறேன் என்றார். கோடு அழிந்தால் சிலர் கவனிக்கவே மாட்டார்கள். சிலர் பயந்துபோய் போன் பண்ணுவார்கள், நான் வந்து பார்த்துச் சரி பண்ணிவிடுவேன். திரும்பக் கோடு போட்டவர்கள் யாரும் இல்லை. அவ்வளவு அக்கறை யாருக்கும் இருந்ததில்லை. அதனால் போடக் கூடாது என்று சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. போனில் நான் கேட்டதும் கோட்டைப் பற்றித்தானே.

"இத வீட்டுல சொல்லிக்க வேணாம் டெய்லரம்மா. சொல்லி என்ன ஆகப் போகுது? அவரு எழுந்தா வரப் போறாரு?"

யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னார் என்று அவள் யோசித்தாள். இரண்டு பேரையும்தான் என்று தோன்றியது. தப்பில்லை. ஆனால் காரிடார் பெஞ்சின் கோடியில், யார் பக்கத்திலும் இல்லாமல், மூன்றாவது ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

டெய்லரம்மா அன்று சாயங்காலமே மகனைத் தனியாகக் கூப்பிட்டாள். ஒன்று விடாமல் சொன்னாள். பேனா, மை, சவரம், பதினாறு, இருபத்து மூன்று. அவன் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு அவள் தோளில் கை வைத்தான்.

"அவள காப்பாத்தணும்னு நீ பழிய உன் தலைல போட்டுக்காதம்மா."

"சத்தியமாடா. நான்தான்."

"இருபத்தெட்டு நாள் நீ குடுத்த. ஒண்ணும் ஆகல. அவ ஒரு வேளை குடுத்தா. இதுல புரிஞ்சுக்க என்ன இருக்கு?"

அவனுடைய கணக்கில் ஓட்டை எங்கே என்று அவளுக்குத் தெரிந்தது. அடைக்கத்தான் வழி தெரியவில்லை. சிஸ்டரையே கேட்டுப் பாரு என்றாள். அவன் கேட்டான். எதனால் ஆனது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, இந்த வியாதியில் எப்போது வேண்டுமானாலும் ஆகலாம், உங்கள் அம்மா மாதிரிப் பார்த்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததே இல்லை என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். அதில் பொய் என்று எதையும் சொல்ல முடியாது. அவன் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு முடிவு இருந்தது. அம்மா மேல் மரியாதை கூடியிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் மூன்றாம் மாடி வரை போனாள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. வகுப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே புது முகங்கள். சிஸ்டரின் குரல் வழக்கம்போல மாடிப்படி வரை வந்தது. கோடு அழிஞ்சா நீங்களா போடாதீங்க, உடனே எனக்கு போன் பண்ணுங்க, இத நோட்டுல எழுதிக்கோங்க. யாரோ ஏன் என்று கேட்டார்கள். சொன்னா கேளுங்க என்றார் சிஸ்டர். டெய்லரம்மா அப்படியே படியிறங்கி வந்துவிட்டாள்.

அவர் ஒன்பது நாள் இருந்தார். வாய்க்குள்ளும் குழாய் வந்துவிட்டது. முதல் மூன்று நாள் கண் திறந்தார். அவள் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் சுவரில் எதையோ தேடுவார். அங்கே காலண்டர் கிடையாது. அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று காதருகே குனிந்தாள். என்னங்க என்றாள். அவர் இடது கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. நாலாம் நாளிலிருந்து கண் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் டெய்லரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். உன்ன மாதிரி யாரு பாத்திருப்பா என்றார்கள். குரலைத் தாழ்த்தி மற்ற விஷயத்தையும் கேட்டார்கள். எப்படியோ பரவிவிட்டிருந்தது. மருமக குடுத்ததாமே. இல்ல, நான்தான் என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர்கள் கண் நிறைந்துவிடும். எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டே படியிறங்குவார்கள். ஒவ்வொரு தடவை உண்மையைச் சொல்லும்போதும் மருமகள் மேல் இருந்த குற்றம் இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டது. நாலைந்து நாளில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

மகனும் மருமகளும் ஒரே அறையில் பேசாமல் இருந்தார்கள். மருமகள் சாப்பாடு எடுத்து வைப்பாள், டம்ளரை மட்டும் தொட மாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் அவரவர் எழுந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அது எப்படியோ அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியை எடுத்து வைத்தாள். அம்மா வீட்டுக்குப் போய் வருகிறேன் என்றாள். மகன் யார் முகத்தையும் பார்க்காமல், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டிக்குப் பெட்ரோல் போடப் போனான்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் ஓயாத வீட்டில் இருவரும் தனியாக இருக்க அந்தப் பத்து நிமிஷம்தான் கிடைத்தது. டெய்லரம்மா மருமகளை வெட்டுகிற மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒரு எலாஸ்டிக் நாடாவை எடுத்து மேசை இடுக்கில் செருகினாள். விளிம்பில் கோடு போட்டாள். நாடாவைக் கொஞ்சம் வெளியே இழுத்தாள். ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தாள். விளிம்பிலேயே மறுபடி போட்டாள். மறுபடி இழுத்தாள், துடைத்தாள், போட்டாள். பதினாலு தடவை செய்தாள். அவள் சவரம் செய்தது அத்தனை தடவைதான். கடைசியில் நாடா முக்கால்வாசி மேசைக்கு இந்தப் பக்கம் தொங்கியது. கோடு மட்டும் விளிம்பில் அழகாக இருந்தது.

மருமகள் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது. இந்த மூன்று வாரத்தில் டெய்லரம்மா சொன்னதை நம்பிய முதல் ஆள் அவள்தான்.

"புரியுது அத்தை."

"உன் மேல ஒண்ணும் இல்ல கண்ணு. நீ தொடறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சு. வண்டியில உன்ன நான் பேசினது..."

"அதெல்லாம் நான் அன்னிக்கே விட்டுட்டேன்." மருமகள் நாடாவை மடித்து மேசை மேல் வைத்தாள். குரலில் அழுகை இல்லை. "நான் சிரிஞ்ச பிடிச்சிருந்தப்போ மாமா என் கையத் தட்டி விட்டாரு அத்தை. ரெண்டு தடவ தட்டினாரு. நீங்க இல்லாததுனால கோபம்னு நினைச்சேன். பச்சை அட்டைல ஒரு வேளைக்கு இவ்வளவு குடுக்கணும்னு போட்டிருந்துச்சே, மீதி வெச்சா நீங்க திட்டுவீங்கன்னு முழுசா குடுத்து முடிச்சேன்."

டெய்லரம்மாவின் கையை அவர் தட்டி விட்டதில்லை. ஒரு தடவைகூட இல்லை. கஞ்சி மேலே ஏறி வந்த நாட்களிலெல்லாம், தொண்டை எரிந்த நாட்களிலெல்லாம், பெண்டாட்டி முகம் வாடிவிடும் என்று பொறுத்துக்கொண்டு கிடந்தாரோ என்னவோ. மருமகளிடம் அந்தத் தயவு காட்ட வேண்டியிருக்கவில்லை. தட்டி விட்டார்.

"இத யாருகிட்டயும் சொல்லலையா நீ?"

"சொன்னா இன்னும் மோசமாயிடும்ல. உங்க பிள்ளைகிட்ட நீங்க சொல்லிடாதீங்க."

"உனக்குத் தெரியாதேம்மா. தெரிஞ்சா குடுத்தே?"

"தெரியாதுதான். ஆனா தட்டினாரே."

அதற்கு ஒரு சமாதானத்தை டெய்லரம்மா தனக்காகக் கண்டுபிடித்திருந்தால் அவளுக்கும் கொடுத்திருப்பாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. மகன் இறங்கி உள்ளே வந்தான். மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இன்னுமாம்மா அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டிருக்க என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

மருமகள் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பத்து நாளில் வந்துவிடுகிறேன் அத்தை என்றாள். பத்தாம் நாளைச் சுற்றி டெய்லரம்மா காலண்டரில் வட்டம் போடவில்லை.